‘தாமதம்’ என்ற பதிலுக்குப் பிறகு: டெக்சாஸ் துப்பாக்கிக் கடை ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனின் புறநகர் ஒன்றில் உள்ள சிறிய துப்பாக்கிக் கடையில் நடந்தது. வாங்கியவர் நாற்பதைக் கடந்த தமிழர், மென்பொருள் பொறியாளர். கிரீன் கார்டு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு இரண்டு ஆண்டுகளாக வாடகைத் துப்பாக்கியுடன் வந்துகொண்டிருந்தவர், தனக்கென்று ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கி வாங்க முடிவு செய்தார். கூட்டம் மிகும் நாட்களில் அந்தக் கடையின் முகப்பில் நிற்பவன் நான். அதனால் தொடக்கம் முதல் முடிவு வரை இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாங்கியவர், கடை உரிமையாளர் இருவரின் ஒப்புதலுடனும், அடையாளம் தெரியாத வகையில் எழுதுகிறேன்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேறு மாநிலத்துக் கடையிலிருந்து இணையம் வழியாகக் கைத்துப்பாக்கி வாங்கினால் அது வீட்டுக்கு வராது. வாங்குபவரின் மாநிலத்தில் கூட்டாட்சி உரிமம் பெற்ற ஒரு விற்பனையாளருக்குத்தான் அனுப்ப முடியும். அங்கே வாங்குபவர் நேரில் போய் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பிறகு எஃப்.பி.ஐ. நடத்தும் ‘நிக்ஸ்’ என்ற பின்னணிச் சோதனை. மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் இருந்து இயங்கும் இந்த அமைப்பு 1998 நவம்பர் 30 முதல் செயல்படுகிறது. பதில் மூன்றில் ஒன்றாக வரும்: தொடரலாம், தாமதம், மறுப்பு. பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் ‘தொடரலாம்’ வந்துவிடும்.

தமிழ் வாசகர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நண்பர்களோடு பயிற்சி மையத்துக்குப் போய்ச் சும்மா ஒருமுறை சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் குடியுரிமை பெறாத ஒவ்வொருவருக்கும் வழக்கமான சோதனையோடு குடிவரவுத் துறையின் பதிவுகளையும் எஃப்.பி.ஐ. பார்க்கிறது. அங்கே ஒரு சுற்று கூடுதலாகப் போகும்.

பொட்டலம் வந்து சேரும் வரை

நவம்பர் தொடக்கத்தில் அரிசோனாவில் உள்ள ஒரு கடையில் அவர் பணம் கட்டினார். ஒரு வாரம் எந்த அசைவும் இல்லை. விற்ற கடையைக் கேட்டால், ‘உங்கள் ஊர் விற்பனையாளரின் உரிம நகலுக்காகக் காத்திருக்கிறோம்’ என்றார்கள். எங்கள் கடைக்கோ இப்படி ஒரு பொருள் வரப்போகிறது என்பதே தெரியாது. பணம் கட்டும்போது பட்டியலில் எங்கள் கடையின் பெயரைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவர் நினைத்துவிட்டார். பெறும் கடைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி, உரிம நகலை அனுப்பச் சொல்வது வாங்குபவரின் வேலை. அவர் தொலைபேசியில் அழைத்த அன்றே நகல் போனது.

அடுத்த சிக்கல் எங்கள் அலமாரியில். நன்றி நவிலல் நாளுக்கு (நவம்பர் நான்காவது வியாழன் வரும் ‘தேங்க்ஸ்கிவிங்’ விடுமுறை) முந்தைய வாரம் பொட்டலம் வந்துவிட்டது. வந்த துப்பாக்கியை மறு வேலை நாள் முடிவதற்குள் வரவுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது விதி, ஏற்றியாகிவிட்டது. ஆனால் அவர் அழைத்துக் கேட்டபோது முகப்பில் இருந்தவர் ‘இன்னும் வரவில்லை’ என்று சொல்லிவிட்டார். விற்ற கடையின் ரசீதில் அவருடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராக அச்சாகியிருந்தது. ஓட்டுநர் உரிமத்தில் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர். பொட்டலத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டு ஒரு எழுத்தில் கிடந்தது, அவர் கேட்டது வேறு எழுத்தில். சனிக்கிழமை நான் அலமாரியை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

இந்தச் சிறு குழப்பம் அப்போது எங்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பின்னால் வந்த பெரிய தாமதத்துக்கும் ஒரே வேர் இதுவாக இருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது.

படிவமும் முதல் பதிலும்

நன்றி நவிலல் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை மாலை, அலுவலகம் முடிந்து அவர் வந்தார். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி. இது அடிக்கடி நடப்பது. தற்போதைய முகவரியைக் காட்டும் வேறொரு அரசு ஆவணம் கூட இருந்தால் போதும். அவருடைய கார் பதிவுச் சான்றில் புதிய முகவரி இருந்ததால் அந்த இடத்தைத் தாண்டிவிட்டோம்.

பெயர்க் கட்டத்தில் அவர் பேனாவை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் யோசித்தார். அவருடைய முதல் இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. சொந்தப் பெயரும் அப்பா பெயரும் ஒன்றாக ஒரே வரியில். அதை வைத்துக் கொடுத்த அமெரிக்க விசாவில் அந்த முழு வரியும் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’, அதாவது முதல் பெயர் தெரியாது என்ற குறிப்பு அச்சாகிவிட்டது. பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது பெயரைப் பிரித்துக்கொண்டார். கிரீன் கார்டும் ஓட்டுநர் உரிமமும் புதிய வடிவில் இருக்கின்றன. குடிவரவுத் துறையின் கோப்பிலோ இரண்டு வடிவங்களும் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு இதே நிலைதான்.

படிவத்தில் எழுத வேண்டியது, கையில் உள்ள செல்லுபடியாகும் அடையாள அட்டையில் உள்ளபடியான சட்டப்பூர்வமான முழுப் பெயர். நடுப்பெயர் இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது, இல்லை என்பதற்கான ‘என்.எம்.என்.’ குறியீட்டை எழுத வேண்டும். வெறும் இனிஷியல் மட்டுமே சட்டப்பூர்வமான பெயராக இருந்தால் அதன் பின் ‘ஐ.ஓ.’ என்று குறிக்க வேண்டும். அவர் இவற்றைச் சரியாகச் செய்தார். சமூகப் பாதுகாப்பு எண்ணை மட்டும் எழுதவில்லை. அந்தக் கட்டம் கட்டாயமில்லை, எழுதினால் ஆள் மாறாட்டக் குழப்பம் தவிர்க்கப்படும் என்று படிவமே சொல்கிறது. ‘கட்டாயம் இல்லாததை ஏன் கொடுக்க வேண்டும்?’ என்றார். அது அவருடைய உரிமை.

விவரங்களை இணையம் வழியாக அனுப்பினோம். சில நிமிடங்களில் பதில் வந்தது: தாமதம். கூடவே ஒரு பரிவர்த்தனை எண்ணும், அடுத்த வாரம் புதன்கிழமையின் தேதியும். காரணம் எதுவும் இல்லை. விற்பனையாளருக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை.

அவர் முகம் சட்டென்று மாறியது. பின்னால் வரிசையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். “நான் என்ன குற்றம் செய்தேன் சார்?” என்று தமிழில் தாழ்ந்த குரலில் கேட்டார். தாமதம் என்பது குற்றச்சாட்டு இல்லை, பதிவு ஒன்றைக் கையால் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றுதான் பொருள் என்று சொன்னேன். என்றாலும், வெளிநாட்டில் பிறந்த ஒருவருக்கு அரசுக் கணினி ‘பொறு’ என்று சொல்வது வெறும் நடைமுறையாக மட்டும் மனதில் பதியாது. முகப்பில் நிற்பவர்கள் அந்த இடத்தில் இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவிட வேண்டும்.

மூன்று வேலை நாள்

வெள்ளிக்கிழமை அவர் திரும்பி வந்தார். அமெரிக்கக் கடைகளில் ஆண்டின் மிகப் பெரிய தள்ளுபடி நாள் அது. எங்கள் வாகன நிறுத்தத்தில் இடமே இல்லை. ‘மூன்று நாள் ஆகிவிட்டது, சட்டப்படி கொடுத்துவிடலாம் என்று படித்தேன்’ என்றார்.

அவர் படித்ததில் பாதி சரி. 1993இல் கையெழுத்தான பிரேடி சட்டத்தின்படி, மூன்று வேலை நாட்கள் கடந்தும் பதில் வராவிட்டால் விற்பனையாளர் துப்பாக்கியை ஒப்படைக்கலாம். ஆனால் வேலை நாள் என்பது மாநில அரசு அலுவலகங்கள் திறந்திருக்கும் நாள். சோதனை நடந்த நாள் கணக்கில் சேராது. டெக்சாஸில் நன்றி நவிலல் வியாழனும் அதற்கு அடுத்த வெள்ளியும் அரசு விடுமுறை. ஆகவே புதன் ஒன்று, அடுத்த திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. அதற்கடுத்த புதன்கிழமைதான் முதல் வாய்ப்பு. எஃப்.பி.ஐ. கொடுத்த தேதியும் அதுவேதான். நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணிக் காட்டியதும் ஏற்றுக்கொண்டார். முதல் நாளே அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் விடுமுறை நாளில் நாற்பது நிமிடம் கார் ஓட்டி வந்திருக்க மாட்டார்.

இருபத்தொரு வயது நிரம்பாதவர்களுக்குக் கணக்கு வேறு. 2022 ஜூனில் வந்த சட்டத்துக்குப் பிறகு, மேலும் விசாரிக்கக் காரணம் இருந்தால் பத்து வேலை நாள் வரை நீளலாம். கலிஃபோர்னியாவில் சோதனை முடிவு எப்படி இருந்தாலும் பத்து நாள் காத்திருப்பு உண்டு. ஒரு மாநிலத்து நண்பரின் அனுபவத்தை இன்னொரு மாநிலத்தில் நம்பி இறங்கக்கூடாது.

காத்திருப்பது என்ற முடிவு

புதன்கிழமை வந்தது, பதில் வரவில்லை. சட்டப்படி எங்கள் உரிமையாளர் அன்றே ஒப்படைத்திருக்கலாம். ஒப்படைக்கவில்லை. அறுபதைக் கடந்த அந்த அம்மையார் கணவர் காலத்திலிருந்து கடையை நடத்துபவர். எஃப்.பி.ஐ.யிடமிருந்து ‘தொடரலாம்’ வரும்வரை, சோதனை செல்லுபடியாகும் 30 நாட்களுக்குள் காத்திருப்பது என்பது அவர் தன் கடைக்கு வைத்துக்கொண்ட விதி. சட்டம் ‘கொடுக்கலாம்’ என்கிறதே தவிர ‘கொடுத்தாக வேண்டும்’ என்று சொல்லவில்லை. வால்மார்ட் போன்ற பெரிய நிறுவனமும் இதே கொள்கையை 2002 முதல் கடைப்பிடித்து வருகிறது.

உரிமையாளர் சொன்ன காரணங்களில் ஒன்று சார்ல்ஸ்டன். 2015 ஏப்ரலில் தென் கரோலினாவில் ஓர் இளைஞனுக்குச் சோதனையில் ‘தாமதம்’ வந்தது. அவன் போதைப்பொருள் வழக்கின் விவரம் எந்தக் காவல்துறையிடம் இருக்கிறது என்பதில் ஏற்பட்ட குழப்பத்தால் சோதனையாளருக்கு அது கிடைக்கவில்லை. மூன்று நாள் கடந்தது, கடை துப்பாக்கியைக் கொடுத்தது. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரின் இமானுவேல் ஏ.எம்.இ. தேவாலயத்தில் வேதபாடத்துக்குக் கூடியிருந்த ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். அவன் அந்தத் துப்பாக்கியை வாங்கவே முடிந்திருக்கக்கூடாது என்று எஃப்.பி.ஐ. இயக்குநராக இருந்த ஜேம்ஸ் கோமி அதே ஆண்டு ஜூலையில் ஒப்புக்கொண்டார். அந்தக் கடை சட்டத்தை மீறவில்லை. “சட்டத்தை மீறாமலே அந்த இடத்தில் நான் நின்றிருக்க முடியும்” என்றார் எங்கள் உரிமையாளர்.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. ஒப்படைத்த பிறகு ‘மறுப்பு’ என்று பதில் வந்தால், துப்பாக்கியைத் திரும்பப் பெற, துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் அதிகாரிகள் வாங்கியவரின் வீட்டுக்குப் போவார்கள். கிரீன் கார்டில் இருக்கும் ஒருவருக்கு, பிற்பாடு தவறு என்று நிரூபணமானாலும், அந்த வருகை எவ்வளவு பெரிய பாரம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அவர் மீது சந்தேகம் கொண்டு அல்ல, அவருக்காகவும் சேர்த்துத்தான் காத்திருந்தோம். இதை நான் அவரிடம் நேராகவே சொன்னேன். அன்று அவர் அதை ஏற்கவில்லை. வேறு கடைக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். மாற்றலாம், ஆனால் அங்கே புதிய படிவம், புதிய சோதனை, மூன்று நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து. பணத்தைத் திரும்பப் பெறுவதென்றால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு என்று விற்ற கடை ஒரு கட்டணம் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இருக்கட்டும் என்று போய்விட்டார்.

நண்பரின் யோசனை

இந்த நிகழ்வில் உண்மையான ஆபத்து இருந்த இடம் இதுதான். அந்த வார இறுதியில் அவர் தன் சக ஊழியர் ஒருவரோடு வந்தார். சக ஊழியர் அமெரிக்கக் குடிமகன், நல்ல மனிதர், உதவ வேண்டும் என்ற எண்ணம் தவிர வேறெதுவும் இல்லை. “என் பெயரில் படிவம் நிரப்பி நான் எடுத்துக்கொள்கிறேன், பிறகு இவரிடம் கொடுத்துவிடுகிறேன். பணம் இவர் ஏற்கெனவே கட்டிவிட்டாரே” என்றார்.

உரிமையாளர் அந்த வாக்கியம் முடியும் முன்பே கையை உயர்த்தி நிறுத்தினார். படிவத்தில் ‘இந்தத் துப்பாக்கியை உண்மையில் பெறுபவர் நீங்கள்தானா?’ என்ற கேள்வி இருக்கிறது. வேறொருவர் பணத்தில், அவருக்காக வாங்கிக்கொண்டு ‘ஆம்’ என்று எழுதுவது பொய் வாக்குமூலம். உண்மையில் வாங்குபவர் தகுதியுள்ளவராக இருந்தாலும் குற்றம் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அப்ராம்ஸ்கி வழக்கில் தீர்ப்பளித்தது. முன்னாள் காவலர் ஒருவர், காவலர் தள்ளுபடி விலைக்காகத் தன் மாமாவின் பணத்தில் ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினார். மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியானவர். அப்படியும் தண்டனை நின்றது. 2022 சட்டம் தகுதியற்றவருக்காகவோ குற்றச் செயலுக்காகவோ இப்படி வாங்கித் தருவதைத் தனிக் குற்றமாகவே ஆக்கி, 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது.

சக ஊழியர் அதிர்ந்துபோனார். வாங்கியவர் அதற்கு மேல் பேசவில்லை. அன்று முதல் அவருடைய அணுகுமுறை மாறியது. அவசரம் இருவரையும் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதை அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அந்த யோசனை கடையில் வாய்விட்டுச் சொல்லப்பட்டது நல்லது. சொல்லாமல் வேறு கடைக்குப் போய்ச் செய்யும் நண்பர்கள்தான் வழக்கில் சிக்குகிறார்கள். இந்தியாவில் ஒருவர் பெயரில் இன்னொருவர் கேஸ் சிலிண்டர் வாங்கிப் பழகிய நமக்கு, இது அந்த வகை உதவி அல்ல என்று யாராவது சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

பதில் வந்தது

டிசம்பர் இரண்டாவது வாரத்தில், 30 நாள் கெடு முடிவதற்குப் பல நாட்கள் முன்பே, கணினித் திரையில் நிலை மாறியது: தொடரலாம். அன்று மாலையே அழைத்தோம்.

பெற்றுக்கொள்ளும் நாளில் அடையாள அட்டையை மட்டும் காட்டினால் போதாது. படிவத்தில் கையெழுத்திட்ட நாளும் ஒப்படைக்கும் நாளும் வேறு வேறு என்பதால், தான் முன்பு அளித்த பதில்கள் இன்றும் உண்மை என்று ‘டி’ பகுதியில் மீண்டும் கையெழுத்திட வேண்டும். அவர் தன் பதில்களை ஒவ்வொன்றாக மறுபடி படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார். துப்பாக்கியின் வரிசை எண்ணை நான் பெட்டியிலிருந்து படிக்க, உரிமையாளர் சட்டகத்தில் பொறித்ததோடு ஒப்பிட்டு, படிவத்திலும் பதிவேட்டிலும் சரிபார்த்தார். பாதுகாப்புப் பூட்டோடு பெட்டி கைமாறியது.

தாமதத்துக்கு என்ன காரணம் என்று எவரும் எழுதித் தரவில்லை. பெயரின் இரண்டு வடிவங்களும் குடிவரவுப் பதிவைத் தேடும் கூடுதல் சுற்றும் காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. ஆண்டின் மிக நெரிசலான வாரத்தில் சோதனைக்கு அனுப்பியதும் சேர்ந்திருக்கலாம்.

அடுத்த வாங்கல்

அடுத்த கோடையில் ஒரு .22 ரைஃபிள் வாங்க வந்தார். இம்முறை சமூகப் பாதுகாப்பு எண்ணையும் எழுதினார். மறுபடியும் ‘தாமதம்’. ‘ஒருமுறை சரிபார்த்த பிறகு மறுபடியும் ஏன்?’ என்ற அவர் கேள்வி நியாயமானது. அனுமதி கிடைத்தவரின் அடையாள விவரங்களை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். அரசிடம் துப்பாக்கி உரிமையாளர் பட்டியல் சேரக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது. அதனாலேயே, போன முறை கண்டுபிடித்த விடையும் சேர்ந்து அழிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தேடல் புதிதாகத் தொடங்கும்.

இதற்கு வழி உண்டு. தன் விவரங்களை எஃப்.பி.ஐ. நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஒப்புதல் கொடுத்து விண்ணப்பிக்கலாம். கைரேகைகளும் உரிய ஆவணங்களும் அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் ‘யு.பி.ஐ.என்.’ என்ற தனி எண் வரும், அதை அடுத்த படிவங்களில் அதற்கான கட்டத்தில் எழுதலாம். சோதனை வழக்கம்போல் நடக்கும், ஆனால் தேடுபவருக்கு இவர் யார் என்பது முன்கூட்டியே தெரியும். பழைய, புதிய பாஸ்போர்ட் பக்கங்கள், கிரீன் கார்டு, பழைய விசா நகல் ஆகியவற்றோடு அவர் விண்ணப்பித்தார். மாதக்கணக்கில் காத்திருந்தபின் எண் வந்தது. அதற்குப் பிறகு அவர் வாங்கிய ஒன்றில் ‘தொடரலாம்’ சில நிமிடங்களில் வந்தது.

மாற்றிக்கொண்டவையும் மாற வேண்டியவையும்

கடையில் இப்போது பொட்டலங்களை வரிசை எண்ணோடும் ஆர்டர் எண்ணோடும் அடுக்குகிறோம், பெயர் அகரவரிசை கைவிடப்பட்டது. ‘தாமதம்’ வந்த ஒவ்வொருவருக்கும் பரிவர்த்தனை எண், முதல் வாய்ப்புத் தேதி, 30 நாள் கெடு முடியும் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம். மூன்று நாள் கடந்தாலும் பதில் வரும்வரை ஒப்படைப்பதில்லை என்ற கடையின் விதி, பணம் கட்டும் முன்பே கண்ணில் படும்படி முகப்பில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த விதி பிடிக்காதவர் வேறு கடையைத் தேர்ந்தெடுக்க அப்போதுதான் வாய்ப்பு இருக்கும்.

வாங்குபவர்கள் பக்கம், குறிப்பாகப் பெயர் இரண்டு மூன்று வடிவங்களில் பதிவாகியிருக்கும் நம்மவர்கள், ஆர்டர் கொடுக்கும் முன்பே ஓட்டுநர் உரிமத்தில் முகவரியையும் பெயரையும் சரிசெய்துவிடுவது நல்லது. ஆர்டரிலும் அதே வரிசையில் பெயரைக் கொடுக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கொடுப்பது குறித்து அவரவர்தான் முடிவெடுக்க வேண்டும், என்னைக் கேட்டால் கொடுங்கள் என்பேன். முதல் முறை ‘தாமதம்’ வந்தவுடனேயே தனி எண்ணுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், இரண்டாவது முறை வரும்வரை காத்திருக்க வேண்டாம். நவம்பர் கடைசி வாரத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம்.

30 நாள் கெடுவுக்குள் பதில் வராமல் போனால் என்ன செய்வது என்பதற்கு எங்கள் கடையில் இன்னும் உறுதியான விதி இல்லை. சோதனையைப் புதிதாகத் தொடங்குவதா, பொருளை விற்றவரிடமே அனுப்பிவிடுவதா என்று அந்தந்த நேரத்தில் பேசி முடிவு செய்கிறோம். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன். வரைவு ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது.